பின்னங்கால் விழுந்த டாஷ்ஹண்ட்: அறுவையா, கூண்டு ஓய்வா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா, எங்கள் வீட்டு டாஷ்ஹண்ட் நாய்க்கு 5 வயது. பெயர் புஜ்ஜி. சென்ற வியாழக்கிழமை மாலை சோபாவிலிருந்து குதித்தான். அன்றிரவே முதுகைக் கூனிக்கொண்டு நடுங்கினான். பக்கத்து மருத்துவர் ஓர் ஊசி போட்டு, வலிக்கு மாத்திரையும் கொடுத்தார். இரண்டு நாள் நன்றாகவே இருந்தான், மாடிப்படிகூட ஏறினான். ஞாயிறு காலையில் பின்னங்கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. உடம்பை இழுத்துக்கொண்டு போகிறான், வாலும் ஆடவில்லை. விரலைக் கிள்ளினால் காலை இழுத்துக்கொள்கிறான் என்பதால் உணர்வு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு மருத்துவர், 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்திருக்க வேண்டும், இனிப் பயனில்லை என்கிறார். இன்னொருவர், ஆறு வாரம் கூண்டில் வைத்தால் போதும் என்கிறார். மாமனாரோ, வதைக்காமல் ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார். சோபாவில் ஏற்றிப் பழக்கியது நான்தான். நான் என்ன செய்ய வேண்டும்? — ஒரு வாசகி, கோயம்புத்தூர்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் திங்கள்கிழமை காலையில் கைக்கு வந்தது. விரிவாக எழுத அப்போது நேரமில்லை. நேரம் இருந்திருந்தாலும் விரிவான பதில் அன்றைக்கு உங்களுக்குப் பயன்பட்டிருக்காது. ஆகவே இரண்டு வரி மட்டும் எழுதி அனுப்பினேன். புஜ்ஜியை ஒரு பெட்டிக்குள் அசையாமல் வைத்து அன்றே ஓர் அறுவை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், பின்னங்கால் விரல்களில் ஆழ்ந்த வலியுணர்வு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள், இதற்கிடையில் வேறு எந்த வலி மாத்திரையையும் சேர்க்காதீர்கள் என்பதே அதன் சாரம். மாலையில் நீங்கள் பதில் எழுதினீர்கள்: இடது கால் விரலைக் கிடுக்கியால் அழுத்தியதும் திரும்பிப் பார்த்து உறுமினான், வலது காலில் சற்றுத் தாமதமாகத் தலையைத் திருப்பினான். நான் இனி எழுதப்போகும் அனைத்தும் அந்த உறுமலை அடிப்படையாகக் கொண்டது. அவன் உறுமாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு கடிதமாகியிருக்கும்.

முதலில் சோபா விஷயத்தை முடித்துவிடுவோம். அது உங்கள் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும்வரை மற்றவற்றை நீங்கள் நிதானமாக முடிவு செய்ய முடியாது. புஜ்ஜிக்கு முதுகில் ஒரு டிஸ்க் வெடித்திருக்கிறது. முதுகெலும்பின் ஒவ்வொரு இரண்டு முள்ளெலும்புகளுக்கும் நடுவே இருக்கும் டிஸ்க்கை நுங்கு போல நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே நார்நாராகச் சுற்றிய கெட்டியான வளையம். உள்ளே நீர் நிறைந்த கூழ். எலும்புகளின் மீது விழும் அதிர்ச்சியை அந்தக் கூழ்தான் வாங்கிக்கொள்கிறது. நுங்கு முற்றினால் என்ன ஆகிறதோ அதுதான் டாஷ்ஹண்டின் டிஸ்க்குக்கும் ஆகிறது. பிற நாய்களுக்கு வயதான காலத்தில் மெல்ல வரும் அந்த முற்றல், டாஷ்ஹண்ட், பிரெஞ்சு புல்டாக், பெக்கினீஸ், பீகிள், ஷிட்சு போன்ற இனங்களுக்கு முதல் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. கூழ் வறண்டு, சுண்ணாம்பு ஏறி, அதிர்ச்சியைத் தாங்கும் தன்மையை இழக்கிறது. இதன் மரபணுக் காரணமும் இப்போது தெரியும். நாயின் 12ஆம் குரோமோசோமில், எஃப்.ஜி.எஃப்.4 என்ற வளர்ச்சி மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்று புகுந்து உட்கார்ந்திருப்பதை, 2017இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கால்களைக் குட்டையாக்குவதில் பங்குள்ள அதே பிரதிதான் டிஸ்க்கையும் இளமையிலேயே முதுமையாக்குகிறது. வளைக்குள் புகுந்து பேட்ஜர் என்ற காட்டு விலங்கை விரட்ட வேண்டும் என்று ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் குட்டைக்கால் நாய்களையே தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விலையைத்தான் கோயம்புத்தூரில் புஜ்ஜி கொடுத்துக்கொண்டிருக்கிறான். சோபாவிலிருந்து குதித்தது கடைசி அதிர்ச்சியாக இருந்திருக்கலாம். அது இல்லாவிட்டால் பந்தின் பின்னால் ஓடும்போதோ, தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கும்போதோகூட நடந்திருக்கும். படியையே பார்த்திராத டாஷ்ஹண்டுகளுக்கும் நான் அறுவை செய்திருக்கிறேன்.

அடுத்தது, உங்கள் வீட்டில் யாராவது, "எனக்கும் டிஸ்க் விலகியிருக்கிறது, பிசியோதெரபியிலேயே சரியாயிற்று" என்று சொல்லியிருப்பார்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்வார். மனிதருக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. மனிதருக்கு டிஸ்க் பிதுங்குவது பெரும்பாலும் அதற்கும் கீழே, நான்காம் ஐந்தாம் எலும்புகளை ஒட்டி. அங்கே குதிரைவால் போலத் தொங்கும் நரம்பு வேர்கள்தாம் இருக்கின்றன. வேர் நசுங்கினால் கால் வழியே வலி இறங்கும், அவ்வளவுதான். நாய்க்குத் தண்டுவடம் இடுப்பின் கடைசி எலும்புகள்வரை நீள்கிறது. டிஸ்க் வெடிப்பதோ, விலா எலும்புகள் முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில். அதாவது அடி விழுவது கிளையின் மீதல்ல, அடிமரத்தின் மீது. மேலும் மனிதருக்குப் பெரும்பாலும் நடப்பது பிதுக்கம். டாஷ்ஹண்டுக்கு நடப்பது வெடிப்பு. சுவீடனைச் சேர்ந்த ஹான்சன் என்ற கால்நடை மருத்துவர் 1950களின் தொடக்கத்திலேயே வெடிப்பை முதல் வகை, பிதுக்கத்தை இரண்டாம் வகை என்று பிரித்துக் காட்டினார். இன்றும் நாங்கள் அந்தப் பெயர்களையே வழங்குகிறோம். புஜ்ஜிக்கு வந்திருப்பது முதல் வகை: வளையம் கிழிந்து, காய்ந்த கூழ் வேகமாகப் பாய்ந்து தண்டுவடத்தை முதலில் அடிக்கிறது, பிறகு அங்கேயே தங்கி அழுத்துகிறது. அடித்த அடியை எந்த அறுவையாலும் திரும்பப் பெற முடியாது. அழுத்துவதை நீக்க முடியும். அறுவையிலிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு இந்த வேறுபாடுதான் அளவுகோல்.

இனி விரல் சோதனை. விரலைக் கிள்ளினால் காலை இழுத்துக்கொள்கிறான், ஆகவே உணர்வு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலானோர் செய்யும் பிழை இது. அனுபவம் குறைந்த மருத்துவர்களும் அவசரத்தில் இதைச் செய்வதுண்டு. கால் இழுபடுவது வலி தெரிந்ததால் அல்ல. விரலிலிருந்து போன செய்தி, அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள தண்டுவடத்திலேயே திரும்பி, காலை மடக்கு என்ற கட்டளையாக வந்துவிடுகிறது. மூளைக்கு இதில் வேலையே இல்லை. தண்டுவடம் முழுவதுமாக அறுந்த நாயும் காலை இழுத்துக்கொள்ளும். வலி மூளைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அடையாளம் தலையில்தான் தெரியும்: திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும், குறைந்தது மூச்சு மாறி, கண் பாப்பா விரிய வேண்டும். நான் இந்தச் சோதனை செய்யும்போது உரிமையாளரை நாயின் கண்ணில் படாதபடி பின்னால் நிற்கச் சொல்வேன். அவர்கள் முகத்தைப் பார்த்துத் தலையைத் திருப்புவதை வலி என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாதல்லவா. தோலைக் கிள்ளினால் போதாது. விரல் எலும்பின் மீதே, கிடுக்கியால், மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். பார்க்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் எந்த ஸ்கேனும் சொல்லாத ஒன்றை அந்தக் கிடுக்கி சொல்கிறது: தண்டுவடத்தின் வழியாக இன்னும் ஏதேனும் கடந்து செல்கிறதா என்பதை. வலியுணர்வு தண்டுவடத்தில் பல வழிகளில், பல அடுக்குகளில் செல்வதால் அது போவது கடைசியில்தான். நடை முதலில் தள்ளாடும், பிறகு நிற்க முடியாமல் போகும், பிறகு அசைவே நிற்கும், எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வலியுணர்வு போகும். புஜ்ஜி கடைசிப் படிக்கு முந்தைய படியில் நிற்கிறான்.

அந்தப் படியில் நிற்கும் நாய்க்கு 24 மணி நேரம் தாண்டிவிட்டது, இனிப் பயனில்லை என்று சொன்னது சரியல்ல. அந்தக் கெடு எங்கள் படிப்பிலும் இருந்தது. நானும் இளவயதில் அதை உரிமையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வலியுணர்வே போய்விட்ட நாய்களைப் பற்றித்தான் அது முதலில் சொல்லப்பட்டது. அவற்றிலுங்கூட இத்தனை மணி நேரத்தோடு கதவு மூடிவிடும் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. வலியுணர்வு இருக்கும் நாய்க்கு அந்தக் கெடுவே பொருந்தாது. ஆனால் இதைச் சாக்காக வைத்து அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். விரைவாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் கடிகாரம் அல்ல. இன்று இருக்கும் வலியுணர்வு நாளை இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பதே. இன்னும் வெளியே வர மிச்சமிருக்கும் கூழ், இன்னொரு அசைவில் வரலாம். வெள்ளி, சனி இரண்டு நாளும் நன்றாக இருந்தவன் ஞாயிறன்று விழுந்ததே அப்படித்தான்.

கூண்டு ஓய்வைச் சொன்ன மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். வியாழன் இரவு அவர் உங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் சொன்னதே மிகச் சரியான வைத்தியமாக இருந்திருக்கும். முதுகு வலி மட்டும் இருக்கும் நாய், அல்லது தள்ளாடியபடியாவது நடக்கும் நாய், நான்கு வாரமாவது கண்டிப்பான ஓய்விலும் சரியான வலி மருந்திலும் பத்தில் எட்டு தேறிவிடும். அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி 2022இல் வெளியிட்ட கூட்டறிக்கை, அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லும் கணக்கு இது. அதே கணக்கில், அசைவே இல்லாமல் வலியுணர்வு மட்டும் மிஞ்சியிருக்கும் நாய், ஓய்வில் வைத்தால் பத்தில் ஆறு நடக்கிறது. அறுவை செய்தால் பத்தில் ஒன்பதுக்கும் சற்று மேல். வலியுணர்வும் போய்விட்டால் ஓய்வில் பத்தில் இரண்டு, அறுவையில் பத்தில் ஆறு. ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவே உள்ள அந்த மூன்று நாய்களுக்காகத்தான் நான் அறுவையைச் சொல்கிறேன். அறுவை செய்த நாய் பொதுவாக விரைவாகவும், தள்ளாட்டம் குறைவாகவும் நடக்கும் என்பது என் அனுபவம். உங்கள் கையில் பணமும், எட்டும் தூரத்தில் முதுகுத்தண்டு அறுவையில் பழகிய கையும் இருந்தால், புஜ்ஜிக்கு அறுவை செய்யுங்கள். இவற்றில் ஒன்று இல்லாமல் போனால் கூண்டு ஓய்வு குற்றமல்ல. பத்தில் ஆறு என்பது சிறிய எண்ணிக்கையும் அல்ல. அப்படி முடிவெடுத்தால் ஒரே நிபந்தனை: முதல் ஒரு வாரம் நாள்தோறும் மருத்துவர் அந்த விரல் சோதனையைச் செய்ய வேண்டும். வலியுணர்வு குறைந்தது என்று தெரிந்த கணமே முடிவை மறுபடி எடுக்க வேண்டும்.

செலவைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஆனாலும் அது எல்லாக் கடிதங்களிலும் எழுதப்படாமல் இருக்கும் வரி. தனியார் மருத்துவமனையில் ஸ்கேன், மயக்க மருந்து, அறுவை, உள்நோயாளியாக இருக்கும் நாட்கள், பின்னால் வரும் பிசியோதெரபி என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக, எழுத்தில் கேளுங்கள். அறுவைக் கட்டணம் மட்டும் கேட்டுக்கொண்டு வந்து, மூன்றாம் நாள் தவிக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அரசுத் தரப்பில், 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையும், உங்களுக்குக் கிட்டத்தில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. இந்த வாரம் தண்டுவட அறுவைக்கு ஆளும் ஸ்கேனுக்கு இடமும் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். முதுகு உடைந்தாற்போல் இருக்கும் நாயை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலையக் கூடாது. காரில் போகும்போது அடிப்பக்கம் கெட்டியான பெட்டி வேண்டும். ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் வைத்துக் கொண்டுபோகவே கூடாது.

வியாழன் இரவு போட்ட ஊசி எதுவென்று சீட்டைப் பார்த்து எழுதியிருந்தீர்கள்: டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. கொடுத்த மாத்திரை மெலாக்சிகாம். தனித்தனியாக இரண்டும் மருந்துதான். ஒருசேரப் போனால் நாயின் இரைப்பையும் குடலும் புண்ணாகும், சில சமயம் துளையே விழும். புஜ்ஜியின் மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தியில் காப்பித்தூள் போல எதுவும் தெரிந்தாலோ உடனே சொல்ல வேண்டும். தண்டுவடம் நசுங்கிய நாய்க்கு ஸ்டீராய்டு கால்களைத் திருப்பித் தரும் என்பதற்குச் சான்று இல்லை. சிறுநீர்த் தொற்றும் பேதியும் கூடுகின்றன என்பதற்கு இருக்கிறது. ஆனால் அது வலியை அழகாக மறைத்துவிடும். அதில்தான் ஆபத்து. வலி மறைந்த இரண்டு நாளில் புஜ்ஜி மாடிப்படி ஏறினான். ஊசி போட்டதைவிட, ஊசி போட்ட பிறகு கூண்டில் வையுங்கள் என்று சொல்லாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம். இன்னொன்று: வீட்டில் இருக்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன், பாராசிட்டமால் எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அது செலுத்தப்பட்ட மாடு செத்தபின் அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அந்த இனத்தையே அழியும் நிலைக்குக் கொண்டுவந்ததால், 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்ட மருந்துதான் அந்த டைக்ளோபினாக். நாயின் வயிற்றுக்கும் அது நல்லதல்ல.

ஸ்கேன் எதற்கு, எக்ஸ்ரே போதாதா என்று கேட்டிருந்தீர்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், சுண்ணாம்பு ஏறிய டிஸ்க்குகூடத் தெரியும், தண்டுவடம் தெரியாது. எலும்பு முறிவோ, எலும்பில் தொற்றோ இல்லை என்று சொல்ல அது உதவும். எந்த இடத்தில், இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் முதுகைத் திறக்க முடியாது. எம்.ஆர்.ஐ. சிறந்தது. அது கிடைக்காவிட்டால் டாஷ்ஹண்டைப் பொறுத்தவரை சி.டி. ஸ்கேனே பெரும்பாலும் போதும்; வெளியே வந்த கூழில் சுண்ணாம்பு இருப்பதால் அது வெள்ளையாகத் தெரிந்துவிடும். இரண்டுக்கும் நாய் அசையாமல் இருக்க மயக்க மருந்து வேண்டும். எனவே ஸ்கேனையும் அறுவையையும் ஒரே மயக்கத்தில் முடிக்கும் இடமாகப் பாருங்கள்.

அறுவையின் பெயர் ஹெமிலாமினெக்டமி. பெயர்தான் பெரிது. முதுகின் நடுக்கோட்டில் தோலைத் திறந்து, தசையை எலும்பிலிருந்து ஒரு பக்கமாக ஒதுக்கி, பாதிக்கப்பட்ட இடத்தின் முள்ளெலும்பு வளைவில் அந்தப் பக்கத்துச் சுவரை மட்டும் எடுக்கிறோம். நொடிக்கு ஆயிரம் சுற்றுக்கும் மேல் சுழலும் சிறிய துரப்பணம், அதன் முனையில் சொட்டுச் சொட்டாக உப்புநீர். நீர் நின்றால் எலும்பு சூடாகித் தண்டுவடம் வெந்துவிடும். எலும்பு முட்டை ஓட்டின் கனத்துக்கு வந்ததும் துரப்பணத்தை வைத்துவிட்டு, மீதியைக் கையால் உரிக்கிறோம். உள்ளே பென்சில் கனத்தில் தண்டுவடம், அடிபட்ட இடத்தில் ஊதாவாகக் கன்றியிருக்கும். அதன் அடியில் கூழ். சிலருக்கு அது தயிர்க்கட்டி போல வரும். பெரும்பாலும், வெற்றிலைப் பெட்டியில் காய்ந்துபோன சுண்ணாம்பைச் சுரண்டினால் எப்படி இருக்குமோ அப்படி. தண்டுவடத்தைத் தூக்காமல், தொடாமல், வளைந்த சிறு கருவியால் அதை வெளியே எடுப்பதுதான் முழு வேலையும். எடுத்து முடிந்ததும், தட்டையாகக் கிடந்த தண்டுவடம் மெல்ல உருண்டு எழுந்து, மூச்சுக்கு ஏற்ப லேசாக அசையும். கிழிந்த டிஸ்க்கையும், அக்கம்பக்கத்தில் முற்றியிருக்கும் சிலவற்றையும் பக்கவாட்டில் சிறு சாளரம் போலக் கீறி, உள்ளிருக்கும் கூழை அப்போதே எடுத்துவிடுவது நல்லது, ஃபெனஸ்ட்ரேஷன் என்பார்கள். அறுவை செய்பவரிடம் இதைச் செய்வீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். நான் செய்கிறேன், செய்யாதவர்களும் உண்டு. பின்னாளில் டிஸ்க் வெடிப்பு மறுபடி வருவது இதனால் குறைகிறது.

மறுநாளே எழுந்து நடப்பான் என்று எண்ண வேண்டாம். முதல் ஓரிரு நாளில் முன்பைவிடச் சற்று மோசமாகத் தெரிவதும் உண்டு. வலியுணர்வோடு அறுவைக்குப் போன நாய்களில் பெரும்பாலானவை இரண்டு முதல் நான்கு வாரத்தில் தாமாக நான்கு எட்டு வைக்கின்றன.

உண்மையான வேலை நீங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் தொடங்குகிறது. அந்த வேலையில் முக்கால் பங்கு சிறுநீர்ப்பை. கால்களுக்குப் போகும் கட்டளை நின்ற அதே இடத்தில் சிறுநீர்ப்பைக்குப் போகும் கட்டளையும் நின்றிருக்கிறது. பை நிரம்பும், அதன் வாய்த்தசை இறுகியே இருக்கும், கொள்ளாத அளவுக்கு நிரம்பியதும் தானாக வழியும். படுக்கை நனைந்திருப்பதைப் பார்த்து, "சிறுநீர் நன்றாகப் போகிறது டாக்டர்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். தொட்டுப் பார்த்தால் வயிற்றுக்குள் சாத்துக்குடி அளவில் பை கெட்டியாக நிற்கும். அப்படியே விட்டால் தசை இழுபட்டு, கால் தேறினாலும் பை தேறாமல் போகும். தேங்கிய நீரில் தொற்றும் வரும். ஆகவே அறுவைக்கு முன்பும் பின்பும், ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் அழுத்தி வடிக்க வேண்டும். நாயைப் பக்கவாட்டில் நிறுத்தி, பின்னங்காலுக்கு முன்னால் வயிற்றின் இரண்டு பக்கமும் விரல்களைத் தட்டையாக வைத்து, பையைக் கண்டுபிடித்து, நிதானமாக, விடாமல், பின்புறம் நோக்கி அழுத்த வேண்டும். திடீரென்று பிழியக் கூடாது. இதைக் காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன், உங்கள் கையின் மீது செவிலியர் கையை வைத்து, நீங்களே இரண்டு முறை வடித்துக் காட்டிவிட்டு வாருங்கள். நீர் வராமல் பை கல்லாக நின்றால் இன்னும் பலமாக அழுத்தாதீர்கள். வாய்த்தசையைத் தளர்த்தும் மருந்து இருக்கிறது, கேளுங்கள்.

கூண்டு என்றதும் உங்கள் மாமனார் சிறை என்று நினைப்பார். நிற்கவும் திரும்பவும் கால் நீட்டிப் படுக்கவும் இடமிருந்தால் போதும். வீட்டின் நடுக்கூடத்தில், ஆட்கள் நடமாடும் இடத்தில் வையுங்கள். நான்கு வாரத்துக்குக் குறையாமல், அறுவை மருத்துவர் சொல்லும்வரை அதுதான் அவன் வீடு. வெளியே எடுக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியிலும் ஒரு கை இடுப்புக்கு அடியிலும் இருக்க வேண்டும். அக்குளைப் பிடித்துக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கக் கூடாது. மொசைக், கிரானைட், டைல்ஸ் எல்லாம் அவனுக்கு எண்ணெய் தடவிய தரை. அவன் நிற்கப் பழகும் இடத்தில் ரப்பர் விரிப்போ யோகா விரிப்போ போடுங்கள். பழைய பருத்தித் துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தாங்கலாம்; ஆண் நாய் என்பதால் துண்டு குறியின் மீது அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால்களை மடக்கி நீட்டும் பயிற்சியைப் பிசியோதெரபி செய்பவர் காட்டியபடி செய்தால் போதும். எண்ணெய் தேய்த்து முதுகை நீவுவது, வைத்தியசாலையில் பிடித்துவிடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரு கெட்ட செய்தியையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம். அரிதாக, அடிபட்ட இடத்திலிருந்து தண்டுவடம் மேலும் கீழுமாகக் கூழாகிக்கொண்டே போகும். மயலோமலேசியா என்று பெயர். வலியுணர்வு போன நாய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு வருகிறது. பிரெஞ்சு புல்டாக்குகளுக்கு அதைவிடக் கூடுதல். வலியுணர்வு இருக்கும் புஜ்ஜி போன்ற நாய்களுக்கு மிக அரிது. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். விழுந்த முதல் வாரத்தில், பின்னங்கால்கள் துணி போலத் துவண்டு, அனிச்சையாக இழுப்பதும் நின்று, வயிறு தொளதொளத்து, காய்ச்சலோடு, முன்னங்கால்களும் தளரத் தொடங்கினால் அதுதான். அதற்கு வைத்தியம் இல்லை. மூச்சுத் தசைகள்வரை ஏறும்முன் அமைதியாக அனுப்பிவிடுவதுதான் கருணை.

உங்கள் மாமனார் சொன்னதும் கருணையால்தான் என்று எனக்குப் புரிகிறது. தரையில் இழுத்துக்கொண்டு வரும் நாயைப் பார்ப்பவருக்கு அது வதையாகத் தெரியும். ஆனால் டிஸ்க்கின் கூர்மையான வலி மருந்தில் அடங்கிய பின், இழுத்துக்கொண்டு போகும் நாய் வதைபடுவதாக எனக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டுத் தட்டு எங்கே என்றுதான் அது தேடிக்கொண்டிருக்கும். நடக்காமலே போன நாய்களும் சக்கர வண்டி கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. சிறுநீர்ப்பையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே. அவரிடம் என் சார்பில் இதைச் சொல்லுங்கள்: விரலை அழுத்தினால் உறுமும் நாயை அனுப்பிவைக்கும் ஊசியை நான் போட மாட்டேன்.

தேறிய பிறகு என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தில் ஒன்றிரண்டு நாய்களுக்கு வேறொரு டிஸ்க் பின்னாளில் வெடிக்கிறது. விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படும்படி எடையை வைத்திருங்கள், கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை போடுங்கள், சோபாவுக்கு ஒரு சரிவுப்பலகை வையுங்கள். தினமும் நடக்க விடுங்கள். முதுகைத் தாங்குவது தசை, பயத்தில் அடைத்துவைத்தால் அது கரைந்துவிடும். ஜோடி சேர்க்கக் கேட்டு யாரும் வந்தால் மறுத்துவிடுங்கள். டென்மார்க், நார்வே, பின்லாந்து நாடுகளில், இனப்பெருக்கத்துக்கு விடும் டாஷ்ஹண்டுகளுக்கு 2 முதல் 4 வயதுக்குள் முதுகு எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு ஏறிய டிஸ்க்குகளை எண்ணிப் பார்க்கிறார்கள். நம் ஊரில் குட்டி விற்பவர்களிடம் அதைக் கேட்டால் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

அறுவை முடிந்து வந்ததும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்குச் சிறுநீர் வடித்தீர்கள், நீரின் நிறம், வாடை, தானாகப் பெய்தானா, மருந்து கொடுத்த நேரம், இவற்றை எழுதுங்கள். தையல் பிரிக்கப் போகும்போது அதை மருத்துவரிடம் காட்டுங்கள்; பத்து நிமிடக் கேள்விகளை அது மிச்சப்படுத்தும். வால் முதலில் எப்போது ஆடியது என்பதையும் தேதி போட்டுக் குறியுங்கள். பெரும்பாலும் கால்களுக்கு முன்னால் வால்தான் திரும்பி வரும். நீங்கள் அவனைத் தொடாமல், அறைக்கு வெளியே நின்று பெயர் சொல்லி அழைத்தபோது ஆடினால்தான் அது கணக்கு. வயிற்றை அழுத்தும்போது ஆடினால் அது வெறும் அனிச்சைச் செயல்.

அன்புடன்,
உங்கள் கால்நடை மருத்துவர்